செங்கோட்டைப் பத்திரம் பற்றி

அன்புள்ள மாப்ளே,

மூணு மாசமா பதில் போடலைன்னு ஏசாதே. அத்தைக்குக் கால்வலி தேவலையா? நம்ம 'அமைச்சர்' இன்னும் அதே டீக்கடைதானா?

நீ அனுப்பின செங்கோட்டை வயல் பத்திர நகல்களைப் பார்த்தேன். ஒண்ணில் திருநெல்வேலி, ஒண்ணில் நெல்லை கட்டபொம்மன், பட்டாவில் தென்காசி மாவட்டம்னு இருக்குன்னு பதறிட்டே. யாரும் ஏமாத்தலைடா. செங்கோட்டை முதல்ல திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அப்புறம் திருநெல்வேலி. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பேர் வச்ச காலத்தில் கட்டபொம்மன் சேர்ந்தார். 1997-ல் அந்தப் பேர்களை எடுத்துட்டாங்க. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம். வயல் ஒரு அங்குலம் நகரலை.

நீ பிடிச்சுக்க வேண்டியது வருவாய் கிராமத்தை, அதாவது வருவாய்த்துறை நிலக் கணக்கு வச்சிருக்கிற கிராம எல்லையை. கலெக்டருக்குக் கீழே ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) பார்க்கிற கோட்டம், தாசில்தார் வட்டம், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பிர்கா, கடைசியில் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கிராமம். ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் புல எண் (சர்வே நம்பர்) 1-லிருந்து ஆரம்பிக்கும். அதனால கிராமப் பேர் இல்லாம 112/3-ன்னு சொன்னா அது எந்த வயல்னே தெரியாது.

நீ தப்பு பண்ணினது இங்கேதான். பட்டா விண்ணப்பத்தில் ஊராட்சிப் பேரை எழுதியிருக்கே! ஊராட்சி பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பக்கம், அந்த எல்லை வேற. ஒரே ஊராட்சிக்குள்ள ரெண்டு வருவாய் கிராமம் வரும், ஒரு வருவாய் கிராமம் ரெண்டு ஊராட்சியில் கிடக்கவும் செய்யும். வீட்டுவரி ரசீதைப் பார்த்துப் பட்டாவுக்கு எழுதினா ஆன்லைனில் கிராமமே வராது.

பத்திரம் பதியற பதிவுத்துறைக்கு எல்லைக்கோடு மூணாவதா ஒண்ணு. கிராமத்தை ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தியிருந்தா, பழைய வருஷத்து வில்லங்கம் (நிலத்து மேல இருக்கிற விற்பனை, அடமானப் பதிவு) பழைய அலுவலகத்தில்தான் இருக்கும். புது அலுவலகத்தில் மட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துட்டு 'வில்லங்கம் இல்லை'ன்னு நிம்மதியா தூங்கிடாதே.

சிட்டாவில் (யார் பேரில் எவ்வளவு நிலம்னு இருக்கிற கணக்கு) 0 - 40.50-ன்னு பார்த்துட்டு பாதி நிலம் போச்சுன்னு அலறினியே, அது ஹெக்டேர் - ஏர்டா! 40.47 ஏர் ஒரு ஏக்கர். உன் பத்திரத்து நூறு சென்ட் அப்படியே இருக்கு.

ஆனா ஒண்ணு நிஜமாவே கவலையா இருக்கு. பட்டா இன்னும் பெரியப்பா பேரோடு கூட்டாத்தான் கிடக்கு. தனிப்பட்டாவுக்குப் பிரிக்க இப்போ நாலு பேர் கையெழுத்து போதும். தள்ளிப்போட்டா வாரிசு கூடிக்கிட்டே போகும், சர்வேயர் வந்து உட்பிரிவு பண்றப்போ ஒருத்தர் தகராறு பண்ணினாலும் எல்லாம் நின்னுடும். அ-பதிவேட்டு (கிராமத்து நில விவரப் பதிவேடு) நகல், புலப்படம் (வயலோட அளவுப் படம்), பழைய பத்திரம் மூணையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்றேன், அதுக்கப்புறம் விண்ணப்பம் போடு.

உன்
மாப்ளே