ஏப்ரலில் நழுவிய படிக்கட்டு: ஷெஃபீல்டிலிருந்து ஒரு கடிதம்

ஷெஃபீல்டு,
செப்டம்பர் 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமலே கடைத்தெரு வரை நடந்து வருகிறாய் என்பதும், இளைய மகளுக்குப் படிப்பு முடிந்த கையோடு வேலை அமைந்துவிட்டது என்பதும் மிகுந்த நிறைவைத் தந்தன. இங்கே நாங்கள் அனைவரும் நலம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் உடனே பதில் எழுத இயலவில்லை. லண்டனின் வெம்பிளி மைதானத்தில் இறுதியாட்டத்தில் தோற்று நான்கு மாதம் ஆகிறதே, இன்னுமா மனம் ஆறவில்லை என்று கேட்டிருந்தாய். ஆறவில்லை. எனக்கு மட்டுமல்ல, இந்த ஊரில் ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்துக் கிளப்பைத் தம் அணியாக நினைக்கும் எவருக்கும் ஆறவில்லை.

ஆனால் உன் கோபத்துக்கும் என் வருத்தத்துக்கும் காரணம் வேறு வேறு. 46 ஆட்டங்களில் 90 புள்ளி எடுத்து மூன்றாவதாக வந்த அணி கீழேயே நிற்க, 76 புள்ளியோடு நான்காவதாக வந்த சண்டர்லேண்டு ஒரே பிற்பகலில் முதல் அடுக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறிப் போவது எந்த ஊர் நியாயம் என்று கொதித்திருந்தாய். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பின் 24 அணிகளில் முதல் இரண்டு நேரடியாக ஏறும், மூன்று முதல் ஆறு வரை வந்தவை பிளே-ஆஃப் என்ற தனிச் சுற்று ஆடி மிச்சமிருக்கும் ஓர் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. பிளே-ஆஃப் 1987-லிருந்தே இருக்கிறது. ஆகஸ்டில் முதல் பந்தை உதைக்கும்போதே எல்லோரும் அறிந்த விதி அது. நாங்கள் ஆறாவதாக வந்து வென்றிருந்தால் அதே விதியைக் கொண்டாடியிருப்போம். விதியைக் குறை சொல்வது, உண்மையில் எங்கே கோட்டை விட்டோம் என்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

நாங்கள் கோட்டை விட்டது வெம்பிளியில் மே 24 அன்று அல்ல. ஏப்ரல் 5-க்கும் 12-க்கும் இடைப்பட்ட எட்டு நாட்களில்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை இரவு, கோவென்ட்ரியை 3-1 என்று வென்றபோது நாங்கள் பட்டியலின் உச்சியில் இருந்தோம். ஏழு ஆட்டங்கள் மீதமிருக்க எங்களுக்கு 83 புள்ளி. அந்த வாரக் கடைசியில் லீட்ஸுக்கும் பர்ன்லிக்கும் தலா 81. இதில் ஒன்றைக் கவனி. முந்தைய உரிமையாளர் காலத்தில், 2022-23 பருவத்தில் மற்றக் கிளப்புகளுக்குத் தர வேண்டிய தொகையைக் காலத்தில் தராததற்காக எங்களுக்கு இரண்டு புள்ளி முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தது. அந்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டுதான் அணி முதலிடத்தில் நின்றது. அந்த வாரம் இங்கே முடிதிருத்தும் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அடுத்த ஆண்டு லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கு எப்போது போவது, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டுக்கு டிக்கெட் கிடைக்குமா என்றே பேச்சு. அதே மார்ச் மாதம் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேசத்துக்காக முதல் முறையாக ஆடிய ஹம்சா சௌதுரி உங்கள் அணிக்காரர்தானே என்று நீ வியந்து எழுதியிருந்தாயே, லெஸ்டரிலிருந்து எங்களிடம் கடனாக வந்திருந்தவர், அந்தக் கடிதத்தையும் நான் அந்த உற்சாகத்தில்தான் படித்தேன்.

பிறகு அந்த எட்டு நாட்கள் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் 1-0 தோல்வி. அடுத்த செவ்வாய் இரவு, எங்கள் பிராமல் லேன் மைதானத்திலேயே மில்வாலிடம் 1-0 தோல்வி. சனிக்கிழமை பிளிமத்தில் 2-1 தோல்வி. அந்தப் பிளிமத் அந்தப் பருவ முடிவில் கீழ் லீக்குக்கு இறங்கிய அணி.

மூன்றில் மில்வால் ஆட்டத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஷோர்ஹம் தெருப் பக்கத்துக் கோப் என்ற ரசிகர் மேடையில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்தேன். கோல் விழுந்த பிறகு நேரம் ஏராளமாக இருந்தது. ஆனால் எங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் பந்து காலுக்கு வந்ததும் முதலில் பக்கவாட்டில் பார்த்தார்கள். முன்னால் கொடுத்தால் தவறிவிடுமோ என்று அருகிலிருப்பவரிடம் தள்ளினார்கள். அவர் இன்னொருவரிடம் தள்ளினார். கோவென்ட்ரியை மூன்று கோல் போட்டு அடித்த அதே கால்கள்தான். மேடையிலும் பாட்டு நின்றுபோயிருந்தது. ஒரு தவறான பாஸுக்கு எழும் முணுமுணுப்பு அடுத்த பாஸைக் கெடுக்கிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். பயம் மைதானத்திலிருந்து மேடைக்கு வந்ததா, மேடையிலிருந்து மைதானத்துக்குப் போனதா என்று அன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோல்வியைவிட அந்தப் பயந்த ஆட்டம்தான் எங்களைச் சுட்டது.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள் அன்று பர்ன்லியில் ஜோஷ் பிரவுன்ஹில் இரண்டு கோல் அடிக்க, 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு முடிவில் பர்ன்லி, லீட்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே போய்விட்டன. கடைசியில் அவை தலா 100 புள்ளி. வெட்டுப்பட்ட இரண்டு புள்ளிதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அதைச் சேர்த்தாலும் எங்களுக்கு 92தான். ஆனால் அந்த எட்டு நாட்களின் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்தால் கணக்கே வேறு. 99 புள்ளி வந்திருக்கும். பர்ன்லியில் ஒரு டிரா எடுத்திருந்தாலும் எங்களுக்கு 100, அவர்களுக்கு 98. மீதி முடிவுகள் அப்படியே இருந்திருந்தால் வெம்பிளிக்கே போக வேண்டியிருந்திருக்காது. இந்தக் கணக்கை இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை காகித ஓரங்களில் போட்டுப் பார்த்திருப்பார்களோ தெரியாது. 2019-ல் இதே கிளப் 89 புள்ளியோடு இரண்டாவதாக வந்து நேரடியாக ஏறியது. 2023-ல் 91 போதுமானதாக இருந்தது. இந்த முறை 90 போதவில்லை.

பிளே-ஆஃப் அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை அங்கே 3-0, இங்கே 3-0 என்று வென்று போனதால் வெம்பிளிக்கு நம்பிக்கையோடுதான் போனோம். லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்றுவிட்டு வந்திருந்தது சண்டர்லேண்டு. இரண்டு கிளப்புக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகள்தான் அடையாளம். ரயில் நிலையத்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் யார் எவர் என்று அருகில் வந்து சின்னத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது. 25-வது நிமிடத்தில் குஸ்தாவோ ஹேமர் தந்த பந்தை டைரீஸ் கேம்பல் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கி வலைக்குள் போட்டார். சற்று நேரத்தில் ஹாரிசன் பரோஸ் அடித்ததும் உள்ளே போனது. 2-0 என்று நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது, லீக் ஆட்டங்களில் அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் பார்த்திராத வீடியோ நடுவர் முறை குறுக்கிட்டது. விநீசியஸ் சௌசா ஆஃப்சைடு நிலையில் கோல்கீப்பரின் பார்வையை மறைத்தார் என்று அந்தக் கோலை நீக்கினார்கள். விதிப்படி அது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால் என் வரிசையில் எவரும் என்னோடு பேசியிருக்க மாட்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் 1997-லும் 2009-லும் 2012-லும் வெம்பிளிக்கு வந்து தோல்வியைப் பார்த்துத் திரும்பியவர். இடைவேளையில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடியே இருந்தார், பிரிக்கவில்லை. இரண்டாவது கோல் விழட்டும், பிறகு சாப்பிடலாம் என்றார். இரண்டாம் பாதியில் எங்கள் அணி அந்த இரண்டாவது கோலைத் தேடவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தற்காப்பு வரிசை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்தது. 76-வது நிமிடத்தில் எலியேசர் மயெண்டா சமன் செய்தார். 90 நிமிடமும் தாண்டி ஐந்தாவது நிமிடத்தில், நாங்கள் எளிதாக இழந்த ஒரு பந்தை எடுத்துக்கொண்டு வந்து, டாம் வாட்சன் என்ற இளைஞர் தாழ்வாக மூலையில் போட்டார். மாற்று ஆட்டக்காரராக வந்தவர், பிரைட்டனுக்குப் போவது ஏற்கெனவே முடிவாகிவிட்டவர், சண்டர்லேண்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. பெரியவர் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சாபம் என்ற பேச்சை எடுக்கிறார்கள். எங்களுக்கு இது பத்தாவது பிளே-ஆஃப். ஒன்றில்கூட நாங்கள் ஏறியதில்லை. 1997-ல் கிரிஸ்டல் பேலஸுக்காக டேவிட் ஹாப்கின் அடித்த கோலும் இப்படித்தான் ஆட்டம் முடியும் நேரத்தில் வந்தது. 2003-ல் கார்டிஃபில் வுல்வ்ஸ் 3-0 என்று வென்றது. பெனால்டி கிடைத்தும் எங்களால் பயன்படுத்த முடியவில்லை. 2012-ல், அப்போது நாங்கள் 'லீக் ஒன்' என்ற மூன்றாம் அடுக்கில் இருந்தோம், இதே 90 புள்ளியோடு மூன்றாவதாக வந்து, எங்கள் ஊரின் மற்றொரு கிளப்பான ஷெஃபீல்டு வென்ஸ்டே 93 புள்ளியோடு நேரடியாக ஏறுவதைப் பார்த்துவிட்டு இறுதியாட்டத்துக்குப் போனோம். ஹடர்ஸ்ஃபீல்டோடு கோலின்றி முடிந்து, இரு தரப்பிலும் பதினொருவரும் பெனால்டி அடிக்க வேண்டி வந்து, கடைசியாக எங்கள் கோல்கீப்பர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்து, 8-7 என்று தோற்றோம். வெம்பிளி மண்ணில் நாங்கள் கடைசியாக வென்றது 1925-ல், கார்டிஃபை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியபோது. சரியாக நூறு ஆண்டு.

இருந்தும் நான் சாபத்தை நம்பவில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பின்னால், லீக்கிலேயே முடித்திருக்க வேண்டிய வேலையை முடிக்காமல் வந்த ஒரு பருவம் இருக்கிறது. ஜனவரியில் லெஸ்டரிலிருந்து பெரும் விலைக்கு வாங்கிய டாம் கேனனிடமிருந்து எதிர்பார்த்த கோல்கள் வரவில்லை. கோடையிலிருந்து ஓடிய கால்கள் ஏப்ரலில் களைத்திருந்தன. இவையெல்லாம் பேசித் திருத்தக்கூடியவை.

பேசித் திருத்தினார்களா என்றால், அதுதான் இரண்டாவது வேதனை. ஜூனில் மேனேஜர் கிறிஸ் வைல்டர் விலகினார். ரூபென் செயேஸ் வந்தார். வைல்டர் இந்த ஊரில் வளர்ந்தவர், இந்த அணிக்கு ஆடியவர், மூன்றாம் அடுக்கில் கிடந்த கிளப்பை 2017-ல் 100 புள்ளியோடு தூக்கி, இரண்டே ஆண்டில் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனவர். ஏப்ரலுக்கும் வெம்பிளிக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 90 புள்ளி எடுத்த அணியின் ஆட்டமுறையையே மாற்றிப் பார்க்கும் துணிச்சலுக்கு ஆகஸ்டிலேயே விலை கொடுத்தோம். மே மாதம் 6-0 என்று நாங்கள் வெளியேற்றிய அதே பிரிஸ்டல் சிட்டி, முதல் ஆட்டத்தில் பிராமல் லேனுக்கு வந்து 4-1 என்று வென்று போனது. லீக்கின் முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. ஐந்தாவது, இப்ஸ்விச்சில் 5-0. இந்த மாத நடுவில் செயேஸை அனுப்பிவிட்டு வைல்டரையே திரும்ப அழைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம், ஐந்து ஆட்டங்களின் புள்ளிகளைத் தொலைத்துவிட்டு.

அங்கே சண்டர்லேண்டு பிரீமியர் லீக்கின் முதல் நாளிலேயே வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்றது. முதல் கோல் மயெண்டாவுடையது. அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். இருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் என் மகன், "அப்பா, அந்த இடத்தில் நாம் இருந்திருக்கணும்" என்றான். என்ன பதில் சொல்ல?

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் வெல்லும் அணிக்கு மூன்று பருவங்களில் குறைந்தது 20 கோடி பவுண்டு கூடுதல் வருமானம் வரும் என்று கணக்கர்கள் மதிப்பிடுகிறார்கள். மேலேயிருந்து இறங்கியவர்களுக்குப் பிரீமியர் லீக் தரும் தாங்கு தொகை எங்களுக்கு இந்தப் பருவத்தோடு நிற்கிறது. 2024-ல் வெறும் 16 புள்ளி எடுத்து, 104 கோல் வாங்கி, ஒரே ஆண்டில் இறங்கியதால் இரண்டு ஆண்டுக்குத்தான் அது கிடைக்கும். எனவே அடுத்த கோடையில் நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டிவரலாம். ரசிகர்களின் எரிச்சலில் இந்தப் பயமும் கலந்திருக்கிறது. ஏறாமல் போனது ஓர் ஆண்டு நஷ்டம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். கதவு சாத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் நின்றுவிட்டோம் என்பதுதான் அவர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பருவ டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன். வைல்டர் திரும்பி வந்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் அவரும் ஏப்ரலில் ஏன் அணி பயந்தது என்பதற்கு இதுவரை எங்களுக்கு ஒரு தெளிவான பதில் தரவில்லை என்றே எனக்குப் படுகிறது. இந்த ஆண்டு முதல் இரண்டு இடம் எட்டாக்கனி. ஆறாவது இடத்துக்கு வந்தாலே பெரிது. அப்படி வந்தால் பதினொன்றாவது பிளே-ஆஃப். உன் கால் முழுதாகத் தேறிவிட்டால் வசந்தத்தில் இங்கே ஒருமுறை வா. ஈஸ்டரை ஒட்டிய ஆட்டமாகப் பார்த்து இருவருக்கும் கோப் மேடையில் இடம் எடுக்கிறேன். எந்த வாரம் உனக்கு வசதி என்று எழுது. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்