சிம்கோ ஏரியோடு ஒரு வருடம்: 2025 செயலாளர் ஆண்டறிக்கை

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் பேச நேரம் கிடைக்கும் என்பதற்காக இந்த அறிக்கையை இப்போதே அனுப்புகிறேன். கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். நிருவாகக் குழு ஒழுங்காகக் கூடியது, கூட்டக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன். சரி, இனி ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சிம்கோ ஏரிக்கு வருகிறேன். இந்த வருடம் நாங்கள் சேர்ந்து செய்தவற்றில் பெரும்பாலானவை அங்கேதான் நடந்தன, என் மனதில் இருப்பதும் அதுதான்.

குளிர்காலத்திலிருந்து தொடங்குகிறேன். 2023–24 குளிர்காலத்தில் ஐஸ் சரியாகப் பிடிக்காததால் மீன்பிடிப் பயணத்தையே கைவிட்டோம் என்பது நினைவிருக்கும். இந்த முறை குளிர் ஒழுங்காக வந்தது. பெப்ரவரியில் குடும்ப தின விடுமுறை வார இறுதியில் ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்பதால் அந்த நாளைத்தான் முதலில் குறித்தோம், ஆனால் அந்தச் சனி, ஞாயிறில் பனி கொட்டிய வேகத்தில் வாசலைத் துப்பரவாக்கவே பொழுது போய்விட்டது. அடுத்த வாரம் போனோம், 18 முதல் 64 வயது வரையானவர்கள் லைசென்ஸ் எடுத்தார்கள், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அடையாள அட்டையே போதுமாக இருந்தது.

போன இடம் குக்ஸ் குடா. ஏன் அங்கே என்று பலர் கேட்டார்கள். சிம்கோ ஏரி 722 சதுர கிலோமீற்றர், ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, அதனால் சீக்கிரம் குளிர்ந்து முதலில் உறைகிறது. மேற்கே பரி நகரம் இருக்கும் கெம்பன்ஃபெல்ட் குடா 40 மீற்றருக்கு மேல் ஆழம், கோடையின் சூட்டை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும், பிந்தித்தான் உறையும். ஒரே ஏரியில் ஒரு பக்கம் கூடாரம் போட்டு மீன் பிடிப்பார்கள், மறுபக்கம் திறந்த தண்ணீர் அலையடிக்கும். ஆகவே "ஏரி உறைந்துவிட்டதாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால், எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

அன்று பேர்ச் மீன் நன்றாகப் பட்டது. ஒருவருக்கு 50 என்ற எல்லையை யாரும் நெருங்கவில்லை, ஆனாலும் மாலையில் கூழ் காய்ச்ச அது போதும், ஒடியல் மாவை ஒரு அக்கா வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். ஐஸில் நின்றுகொண்டு கையில் கூழ்க் கோப்பையோடு எடுத்த படங்களைப் பார்த்து இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் பல. ஐஸ் விடயத்தில் எங்கள் விதியை மறுபடி எழுதுகிறேன்: தனியாக நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நிற்க 20, அதுவும் தெளிந்த நீல ஐஸாக இருந்தால். வெள்ளை ஐஸின் பலம் அதில் பாதிதான். துளைத்து அளக்காமல் யாரும் முன்னால் போகக் கூடாது, ஆறு வந்து விழும் வாய்க்குப் பக்கத்தில் எந்தத் தடிப்பிலும் போகக் கூடாது.

மே மாதம் ஒரிலியா பக்கம், அத்தர்லி நீரிணைக்கு, ஒரு நாள் பயணம் போனோம். சிம்கோவின் தண்ணீர் அந்த ஒடுக்கமான இடத்தால்தான் குச்சிச்சிங் ஏரிக்குப் போய், செவர்ன் ஆற்றோடு ஜோர்ஜியன் குடாவை அடைகிறது. தெற்கே ரொறன்ரோவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்த ஏரி வடக்கே வடிகிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. அங்கே தண்ணீருக்கு அடியில் முதற்குடி மக்கள் மரக்கழி நட்டு அமைத்த மீன் வேலிகளின் எச்சம் இருக்கிறது, ஏறக்குறைய 5,000 வருடப் பழமை, 1982இலிருந்து தேசிய வரலாற்றுத் தலம். கழி நட்டு மீனின் வழியை மறித்துப் பிடிப்பது என்றதும் எங்கள் ஐயா ஒருவர், "இது எங்கடை சிறகுவலை மாதிரியெல்லோ!" என்றார். யாழ்ப்பாணக் கடனீரேரியில் தடி நட்டு வலை கட்டி வளர்ந்தவர் அவர். அன்று அவர் விளக்கியதை இளம் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள், எனக்கு இந்த வருடத்தின் மிக நல்ல நேரம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரொறன்ரோ என்ற பெயரே அந்த நீரிணையிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள்படும், மோஹாக் என்ற முதற்குடி மக்களின் சொல் அது. பழைய பிரெஞ்சு வரைபடங்களில் ரொறன்ரோ என்று குறித்திருப்பது சிம்கோ ஏரியைத்தான், பிறகு அந்த ஏரிக்குப் போகும் பாதைக்கும், பாதை தொடங்கும் தெற்குக் கரைக்கும் பெயர் இறங்கி வந்தது. 1793இல் துணை ஆளுநர் சிம்கோ தன் தகப்பன் நினைவாக ஏரிக்கு இப்போதைய பெயரை வைத்தார். நாங்கள் முகவரியில் தினமும் எழுதும் சொல் அந்த மீன் வேலியின் பெயர்.

இனி கோடை ஒன்றுகூடல். ஜூலையில் சிபால்ட் பொயின்ற் பூங்கா. வாகன அனுமதியை ஐந்து நாளுக்கு முன்னாலேயே பதிவு செய்ய முடியும், திறந்த உடனே எடுத்தபடியால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. மார்க்கம் வீதியால் நேரே வடக்கே ஏறினால் அதுவே 48ஆம் நெடுஞ்சாலையாகிக் கொண்டுபோய் விடுகிறது. சாப்பாடு, கயிறிழுத்தல், பாட்டு எல்லாம் நன்றாக நடந்தன.

பின்னேரம் நடந்ததை நான் மறைக்காமல் எழுத வேண்டும். காற்றடைத்த மிதவையில் இருந்த ஒரு பிள்ளை சில நிமிடத்தில் கரையிலிருந்து தூரப் போய்விட்டாள். அன்று தெற்குக் காற்று. அந்தப் பூங்கா ஏரியின் தென்கரையில் இருக்கிறது, அதனால் தெற்குக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும், கரையோரம் தண்ணீர் அசையாமல் பால் போல இருக்கும், யாருக்கும் பயம் வராது. கயாக்கில் போய்க்கொண்டிருந்த எங்கள் அங்கத்தவர் ஒருவர் எட்டிப் பிடித்துக் கொண்டுவந்தார், பிள்ளை பத்திரம். அந்தத் தாயின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஊரில் சோளகம் எந்தப் பக்கம் தள்ளும், வாடை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியாமல் யாரும் வள்ளம் இறக்கியதில்லை. இங்கே நாங்கள் காற்றைப் பார்க்காமலே பிள்ளைகளை இறக்குகிறோம். மாகாணப் பூங்காக்களில் உயிர்காப்பாளர் கிடையாது, பார்த்துக்கொள்ள வேண்டியது நாங்கள் மட்டும்தான். கடலில் நீந்தியவர்களும் கவனம்: உப்புத் தண்ணீர் தூக்குவது போல நன்னீர் தூக்காது, சீக்கிரம் களைத்துவிடுவீர்கள்.

ஆகவே குழு இரண்டு தீர்மானங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறது. எங்கள் ஒன்றுகூடலில் காற்றடைத்த மிதவைகள் தண்ணீருக்குள் வரக் கூடாது. நீந்தத் தெரியாத பெரியவர்கள் உட்பட தண்ணீரில் இறங்கும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். பூங்கா அலுவலகத்தில் இரவல் கிடைக்கும், போதாததைச் சங்கம் வாங்க வேண்டும். குளிர்காலத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு ஒன்றையும் ஒழுங்கு செய்ய விரும்புகிறேன், முக்கியமாக அம்மாமாருக்கு, பெயர் தர வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக ஏரியின் உடல்நிலை. வயல், வடிகால், புதிய வீட்டுத்திட்டங்களின் மண் எல்லாவற்றிலிருந்தும் பொசுபரசு ஏரிக்குள் வருகிறது, அதில் பாசி பெருகி, செத்து அடியில் அழுகும்போது ஆழத்தில் இருக்கும் ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. லேக் ட்ரவுட் மீன் குளிர்ந்த ஆழத்தில்தான் வாழும், அதனால் முதலில் அடிபட்டது அதுதான், பல வருடம் குஞ்சு விட்டுத்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். 2008இல் இந்த ஏரிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது, வருடத்துக்கு 44 தொன்னுக்கு மேல் பொசுபரசு சேரக் கூடாது என்பது அதன் கீழ் வந்த திட்டத்தின் இலக்கு. எங்களால் ஆனது சிறிது, ஆனாலும் செய்வோம்: சட்டி, பாத்திரங்களை ஏரியில் கழுவுவதை இந்த வருடம் நிறுத்தினோம், எண்ணெயை வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலில் அள்ளிக் கொட்டும் உப்பும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது, இந்தக் குளிரில் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், முதலில் பனியை வழித்துவிட்டுப் போட்டால் குறைவாகவே தேவைப்படும்.

நீச்சல் வகுப்புக்குப் பெயர் தருபவர்கள் கூட்டத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள், தடாகத்தில் இடம் பிடிக்க எத்தனை பேர் என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
செயலாளர்