ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் பண்றவங்களுக்கு ஒரு தியேட்டர் சிஸ்டரோட லெட்டர்

வணக்கம் தம்பிகளா, தங்கச்சிகளா,

ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. எந்த ஆஸ்பத்திரி, எந்த சாஃப்ட்வேர்னு சொல்ல மாட்டேன், வேலை வேணும்ல.

மொதல்ல பேஷன்ட்டை ரிஜிஸ்டர் பண்ற பேஜ்ல இருக்கற அந்த லாஸ்ட் நேம் கட்டம். நம்ம ஊர்ல யாருக்குப்பா லாஸ்ட் நேம் இருக்கு? இனிஷியல்தான். ஆனா நீங்க அதுல ஸ்டார் போட்டு வச்சிருக்கீங்க, ஃபில் பண்ணாம அடுத்த பேஜ் போகாது. நைட் டூட்டி பையன் ஒரு புள்ளி வச்சுட்டு போயிடுவான், காலையில வர்ற பொண்ணு இனிஷியல் போடும், இன்னொருத்தர் அப்பா பேரை முழுசா அடிப்பாரு, ஒரே ஆளுக்கு மூணு பேஷன்ட் நம்பர் ஆயிடும். போன வருஷம் ஒரு அம்மா ஹெர்னியாவுக்கு வந்தாங்க. அவங்களுக்கு பென்சிலின் அலர்ஜி, பழைய நம்பர்ல செவப்பு எழுத்துல இருக்கு. புது நம்பர்ல அலர்ஜி 'இல்ல'ன்னு இருக்கு, யாரும் அப்படி அடிக்கல, நீங்க வச்ச டிஃபால்ட்டே அதுதான். ஆன்டிபயாட்டிக் லோட் பண்ணி கையில வச்சுக்கிட்டு, பழக்கதோஷத்துல கேட்டேன், "ஊசி ஏதாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?" "ஆமா சிஸ்டர், ஒரு தடவை உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப்போச்சு"ன்னாங்க. சிரிஞ்சை அப்படியே ட்ரேல வச்சுட்டேன்.

கம்ப்ளைன்ட் எழுதினோம். உங்க சப்போர்ட்ல இருந்து வந்த பதில் ஒரே வரி, யூசர் எரர்.

என் தம்பி பேங்க்ல இருக்கான், அவன்கிட்ட பொலம்புனப்போ 2020 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நடந்ததை சொன்னான். சிட்டிபேங்க், ரெவ்லான் கம்பெனிக்கு லோன் குடுத்தவங்களுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பணும், ஆனா கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வெளிய போயிடுச்சு. அசலை நிறுத்தி வைக்க ஸ்கிரீன்ல மூணு கட்டம் டிக் பண்ணணுமாம், அவங்க 'பிரின்சிபல்'னு பேர் போட்ட ஒண்ணை மட்டும் பண்ணியிருக்காங்க. மூணு பேர் பாத்து ஓகே பண்ணின விஷயம் அது. பணம் வாங்கினவங்கள்ல கொஞ்ச பேர் திருப்பித் தரமாட்டோம்னு நின்னு, கேஸ் 2022 வரைக்கும் இழுத்துச்சு. மூணு பேருக்கும் ஒரே மாதிரி தப்பா புரிஞ்சிருக்குன்னா அது யூசர் எரரா, நீங்களே சொல்லுங்க.

அடுத்தது பாப்-அப். ஒரு கேஸுக்கு எத்தனை தடவை ஓகே அமுக்குறோம்னு எண்ணக்கூட முடியல, ஸ்டாக் கம்மின்னாலும் அதே மஞ்சள் டப்பா, ரத்த குரூப் மேட்ச் ஆகலைன்னாலும் அதே மஞ்சள் டப்பா. விரல் தானா ஓகேவுக்குப் போயிடுது. கனடா கம்பெனி பண்ணின டெராக்-25னு ஒரு ரேடியேஷன் மெஷின், 1985ல இருந்து 87க்குள்ள ஆறு பேருக்கு அளவுக்கு மீறி டோஸ் குடுத்துச்சு, அதுல சில பேர் செத்தே போனாங்க. 1986ல டெக்சாஸ்ல ஆபரேட்டருக்கு 'மால்ஃபங்ஷன் 54'னு மட்டும் வந்திருக்கு, அடிக்கடி இப்படி ஏதாவது வர்றதுதானேன்னு அவங்களும் மேல போகச் சொல்ற 'பி' பட்டனை அமுக்கிட்டாங்க, அந்த ஆளுக்கு ரெண்டாவது தடவையும் விழுந்துச்சு. அந்த ஆபரேட்டர் அம்மாவை என்னால குத்தம் சொல்ல முடியல, நானும் அமுக்கியிருப்பேன்.

சர்ஜிக்கல் செக்லிஸ்ட்டை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? 2008ல உலக சுகாதார நிறுவனம் குடுத்தது, 19 ஐட்டம், ஒரே பேப்பர். டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரில பண்ணிப் பாத்தப்போ சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு எறங்குச்சு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நின்னு, பேரு என்ன, எந்தப் பக்கம்னு வாய்விட்டு சொல்றோம் பாருங்க, அதுதான் அதோட வேலையே. நீங்க அதை கம்ப்யூட்டர்ல ஏத்தி மேல 'செலக்ட் ஆல்'னு ஒரு பட்டனும் வச்சுட்டீங்க! இப்ப சர்ஜன் கை கழுவும்போதே டிக் முடிஞ்சிடுது.

லாக்-அவுட் கதை வேற. உடம்புக்குள்ள வைக்கிற இம்ப்ளான்ட்டோட லாட் நம்பர் பாதி அடிச்சிருப்பேன், "சிஸ்டர், சக்‌ஷன் வரல"ன்னு சத்தம் வரும், ஓடிப் போய் சரி பண்ணிட்டு வந்தா லாகின் பேஜ் நிக்குது, அடிச்சது எல்லாம் போச்சு. அதனால அந்த லாட் நம்பர் ஸ்டிக்கரை எல்லாம் க்ளவுஸ் கவர் பேப்பர்ல ஒட்டி வச்சுட்டு, கேஸ் முடிஞ்சு சாயங்காலமா உக்காந்து ஏத்துறோம். உங்க ரிப்போர்ட்ல நாலு ஆபரேஷனும் 5.40க்கு நடந்த மாதிரி இருக்கும்.

நீங்க டெமோ காட்டுறது மேனேஜிங் டைரக்டர் ரூம்ல, ஏசில, 'டெஸ்ட் பேஷன்ட்'னு ஒருத்தர வச்சு. அந்தாளுக்கு ரத்தம் வராது, அவரைப் பத்தி கேட்டு இன்சூரன்ஸ்காரன் போன் பண்ண மாட்டான். வாங்குறவங்க ஒரு நாளும் அதுல டைப் பண்ணப் போறதில்ல.

அதனால ஒரு செவ்வாய்க்கிழமை வாங்க, எங்களுக்கு ஆர்த்தோ லிஸ்ட், எலும்பு ஆபரேஷன் எல்லாம் அன்னைக்குத்தான். காலையில ஏழரைக்கு வந்துடுங்க, தியேட்டர் டிரெஸ், தொப்பி, மாஸ்க் நாங்க தர்றோம், பர்மிஷன் நான் வாங்கித் தர்றேன். லேப்டாப் வேணாம், என் பக்கத்துல சும்மா நின்னு நான் எங்கெங்க புள்ளி வைக்கிறேன்னு மட்டும் பாருங்க. வர தோதுப்படலைன்னா அந்த லாஸ்ட் நேம் ஸ்டாரையாவது எடுத்து விட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் சிஸ்டர்