நம் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. கார்த்திகையில் மழை, பங்குனி உத்திரத்துக்கு ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டது, அந்த இரண்டு மாதமும் கூடவில்லை. பாரதி பிறந்தநாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது.

‘மணிக்கொடி’ இதழ் வந்த 1930களின் கதைகளில் கூலிக்குப் போகும் பெண்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்து ஆண்டு முழுக்க வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். புதுமைப்பித்தன் நம் நெல்லை இந்துக் கல்லூரியில் படித்தவர், எல்லாரும் வாசித்த கதைகள்தானே என்று சிலர் சொன்னார்கள். வாசித்திருக்கிறோம். கூலிக் கணக்குப் போட்டு வாசித்ததில்லை.

முதலில் எடுத்தது 1934 மே மாதம் வந்த அவருடைய ‘பொன்னகரம்’. சில பக்கங்கள்தான், நிறுத்தி வாசித்தால் இருபது நிமிடம். இந்தக் கதையில் எப்போதும் ஒரு கோளாறு நேரும். கற்பு என்ற சொல் வரும் முடிவுக்கு எல்லாரும் தாவிவிடுவார்கள். கூட்டம் அம்மாளுவை நிறுத்தி வைத்து விசாரிக்கும் பஞ்சாயத்தாகிவிடும். அதனால் பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கடைசிப் பகுதியை மடித்து மறைத்தோம். அவர் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் நகல் எடுக்கத் தடை இல்லை.

அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசனுக்கு ஜட்கா வண்டி. மாமியார், கொழுந்தன், குதிரை என்று ஐந்து வயிற்றுக்கு இரண்டு வரும்படி. வண்டி மோதி ஏர்க்கால் ஒடிந்த அன்று குதிரைக்கும் காயம், அவனுக்கும் அடி. ஒரு வரும்படி அத்தோடு நின்றது. குதிரைக்குத் தீனி போடுவது நிற்காது. படுத்திருப்பவன் பால் கஞ்சி கேட்கிறான். அம்மாளுவுக்குக் கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினோம். 1922இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது: நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி வரை வேலை வாங்கலாம். கூலியை இத்தனை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டமோ 1936இல்தான் வந்தது. பீடி சுற்றும் உறுப்பினர் ஒருவர் உடனே சொன்னார்: “அவ துட்டு மில்லுல கெடக்கு. இவன் கஞ்சி இப்பம் கேக்கான்.” அதற்குப் பிறகுதான் மடிப்பை விரித்தோம். அம்மாளு ஒருவனோடு இருளில் ஒதுங்கிச் சம்பாதித்த முக்கால் ரூபாய், அதாவது 12 அணா, அந்த இரண்டு நாளுக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அன்று யாரும் பஞ்சாயத்துப் பேசவில்லை.

அடுத்து, 1935இல் வந்த அவருடைய ‘துன்பக்கேணி’. நம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு போனவர்கள் நினைத்த நேரத்தில் ஏன் திரும்ப முடியாது என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து இங்கே குடியிருக்கும் இரண்டு அக்காமார் தோட்ட வேலையை விளக்கினார்கள். குறித்த எடைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு இதற்கு மேல் கங்காணியின் முன்பணம். கப்பல் ஏறுமுன்பே கணக்கில் கடன் பற்று விழுந்துவிடும். கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இருந்தால்தான் தோட்டம் மாறலாம் என்ற முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது, முன்பணம் ஒழியவில்லை.

இலக்கியக் கூட்டத்தைத் தொழிற்சங்கக் கூட்டமாக்கிவிட்டேன் என்று ஒரு குறை வந்திருக்கிறது. கூலி நாள் தெரியாமல் ‘பொன்னகரம்’ புரியாது என்பதே என் பதில்.

கூட்டத்தை ஞாயிறு காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றியதும், மின்விசிறியை நிறுத்தியதும் இன்னொரு குறை. பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் கதை கேட்க முடியும். அன்றன்றைக்குக் கடையில் பீடியை ஒப்படைத்தாக வேண்டும். விசிறி ஓடினால் தூள் பறக்கும். ஈரத்துணி சுற்றி வைத்த இலை காய்ந்து, சுருட்டும்போது கீறிவிடும். கீறிய பீடி கடையில் கழிவாகும். அந்தக் கழிவை நம் வட்டம் ஈடுகட்டுமா? சன்னல் ஓரம் ஆண்களுக்கு இடம் ஒதுக்கியும், புழுக்கத்தைக் காரணம் காட்டி ஆறு பேர் ஆறு மாதமாக வரவில்லை. அவர்கள் வாசித்த கதைகளைப் பற்றி இந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்காமல் போனது அவர்களுக்கு நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

சந்தா மாதம் இருபது ரூபாய். கூலி வாங்கும் நாளில் ஐந்து ரூபாயாகக் கொடுக்கலாம் என்று வைத்த பிறகு பீடி சுற்றும் உறுப்பினர் ஒருவருக்கும் பாக்கி இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் உறுப்பினர்களிடம்தான் நிலுவை. பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. பேரேடு மேசைமேல் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டன, நகல் செலவில் சிறு தொகை கைப்பணமாக நிற்கிறது. விவரத்தைப் பொருளாளர் வைப்பார்.

இடம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) எடுக்க ஆசை. அம்பாசமுத்திரம் நெசவாளர் நாவல். தறியில் உட்காருபவர் பேரில்தான் கூலி. வீட்டில் நூல் இழைத்துத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் பெண்ணுக்குத் தனிக் கூலி விழாது. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நாவலை நகல் எடுத்துக் கட்டாது. ஆறு பிரதியாவது வாங்க வேண்டும். நிலுவை வந்தால் வாங்கலாம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் இன்றே ஒப்படைக்கத் தயார். மூன்று மணிக் கூட்டத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டம் வரும் மாத முதல் ஞாயிறு. உரக்க வாசிக்க இன்னும் இரண்டு பேர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்