கழுத்தைக் கழற்றும் கிடார்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வேலை பழகிவிட்டது, குளிரும் ஓரளவு பழகிவிட்டது. அம்மாவிடம் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல். நீ கேட்டது கழுத்து கழன்றுவரும் என் கிடாரைப் பற்றி, நேராக அதற்கே வருகிறேன்.

இங்கே வந்ததிலிருந்து அறை மாறிக்கொண்டேதான் இருக்கிறேன். கட்டிலும் மேசையும் போட்டால் நடக்க இடமில்லை. வேலைக்காக அடிக்கடி வெளியூர் வேறு. சாதாரண கிடார் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பைக்குப் பெரும்பாலும் 55 செ.மீ. உயரம்தான் அனுமதி. லக்கேஜில் போடலாம் என்றால், அடிபட்டால் கழுத்தும் (விரல் வைத்து வாசிக்கும் நீளப் பகுதி) தலையும் (கம்பியை முறுக்கும் நுனி) சேரும் இடத்தில் சட்டென்று முறியும். அதனால்தான் கழுத்து கழன்றுவரும் கிடாராகப் பார்த்து வாங்கினேன்.

கழுத்து பாடியோடு சேரும் இடத்தில், பின்பக்கம் ஒரு திருகு. கம்பிகளைத் தளர்த்திவிட்டு அதைத் திருகினால் கழுத்து கையோடு வந்துவிடும். கம்பிகளை அவிழ்க்க வேண்டாம், ஒரு முனை பாடியில் இருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையிலும் மறுமுனை தலையிலும் அப்படியே இருக்கும். சிக்கு விழாமலிருக்க முதல் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்வேன். நடுவில் மெத்தென்று ஒரு துணி வைத்து இரண்டு பாகத்தையும் முதுகுப்பைக்குள் போட்டால் முடிந்தது. திரும்பப் பொருத்தியதும் சுருதி உடனே நிற்காது. ஒரு பாட்டு வாசித்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

ஒட்டாத கழுத்தில் நாதம் வருமா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே வரும். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது மொத்தம் சுமார் 70 கிலோ இழுப்பு இருக்கும். அந்த இழுப்பிலும் இணைப்பு அசையாமல் முழுதாகப் படிந்தால் போதும். அமெரிக்காவில் கிடார் செய்த லியோ ஃபென்டர் 1950லேயே எலெக்ட்ரிக் கிடாரின் கழுத்தைத் திருகாணி போட்டுத்தான் பூட்டினார். அதற்கும் வெகுகாலம் முன்பு, வியன்னாவில் ஸ்டாஃபர் என்பவர் கடிகாரச் சாவியால் கழுத்தின் சாய்வைத் திருத்தும் கிடார்களைச் செய்தார். அவரிடம் தொழில் பழகிய மார்ட்டின் 1833இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறி, தன் ஆரம்பகாலக் கிடார்களிலும் அந்தச் சாவியை வைத்தார். நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர் கையோடு கொண்டுவந்த வித்தை என்று நினைக்கும்போதே மனசு நிறைகிறது.

குறை என்றால் பாடி சிறியது, அதனால் கீழ்ஸ்தாயிக் கம்பிகளின் கனம் கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஆனால் கம்பி நீளம் முழுக் கிடாருக்கு ரொம்பவே நெருக்கம். விரல்களுக்குப் பழகிய இடம் மாறவில்லை. வேலை முடிந்து வந்து மெதுவாக மீட்ட எனக்கு இதுவே நிறைவு.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் விரலில் குத்தும். பைக்குள் ஈரப்பதம் காக்கும் பஞ்சு வைத்திருக்கிறேன். கார்பன் ஃபைபரில் செய்த கிடாரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் மரத்தின் குரல்தான் எனக்குப் பிடிக்கிறது.

நீ கிளம்பும்போது பெரிய கிடாரை வீட்டிலேயே விட்டுவிடு. புதிது வாங்குவதானால் உன் எதிரிலேயே கழற்றிப் பொருத்தச் சொல். சுருதி சேர்த்ததும் 12ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தைப் பார். கழற்றுவதற்கு முன்பிருந்த அதே உயரம் இருந்தால் வாங்கு, மாறியிருந்தால் வேண்டாம். அப்புறம், எந்த மாடல் பார்த்தாய் என்று எழுது.

அன்புடன்,
அக்கா