தறியை நிறுத்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஏற்காட்டில் எங்கள் பாட்டுகளைப் பாடிவிட்டு நானும் தம்பியும் நேற்று ராத்திரி இறங்கி வந்தோம். அவன் இன்னும் தூங்குகிறான். ஸ்பீக்கர்கள் திண்ணையிலேயே கிடக்கின்றன. இப்போதே எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மழை ராத்திரி நாங்கள் பாட்டுப் பதிவு செய்யும் அறைக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு மைக்கும், பரண் மேல் இருந்ததால் தப்பித்த லேப்டாப்பும்தான். பேண்டே வேண்டாம், வேலைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். தம்பி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் சேலம் அம்மாப்பேட்டையில் அத்தை வீட்டுப் பின்னறையில் பதிவை மறுபடி ஆரம்பித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. பன்னிரண்டு விசைத்தறிகள். தீபாவளிச் சரக்கு நேரம், பகல் ராத்திரி என்றில்லாமல் ஓடின. வீட்டில் இருந்த போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். துணி கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தறியின் அதிர்வு தரை வழியாக வந்து மைக் ஸ்டாண்டில் ஏறிவிடும். நான் மெதுவாகப் பாடும் இடமெல்லாம் பின்னால் டடக் டடக் என்றே கேட்டது.

ஒரு நாள் பட்டறையில் வேலை செய்யும் அக்கா வாசலில் வந்து நின்றார். “பாப்பா, உங்க பாட்டு எத்தன மணிக்கு?” என்று கேட்டார். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு மணிக்குப் பன்னிரண்டு தறியும் நின்றன. முழுசாக நாற்பது நிமிடம் அமைதி. அவர்களுடைய சாப்பாட்டு நேரம் போல என்று எண்ணிக்கொண்டு சந்தோஷமாகப் பாடினேன்.

மூன்றாம் நாள்தான் அத்தை விஷயத்தைச் சொன்னார். அங்கே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதே கிடையாது. ஒருவர் சாப்பிடப் போனால் பக்கத்திலிருப்பவர் அவருடைய தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். கூலி சேலைக் கணக்கில் வருகிறது, தறி நின்றால் கூலி இல்லை. எங்களுக்காக அந்த அக்கா எல்லோரிடமும் பேசி, எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

“அந்த மூணாவது பாட்டுல தார் ஓடுதுன்னு பாடற. தார் ஓடாது பாப்பா. நாடாதான் ஓடும், தார் அதுக்குள்ள உக்காந்திருக்கும். மாத்திப் பாடு.”

தார் என்றால் ஊடை நூல் சுற்றிய குழல், நாடா அதைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கே ஓடுவது. தறிக்காரர் தெருவில் வளர்ந்தவள் நான். அந்த ஒரு வரிக்காக மறுநாளும் பன்னிரண்டு தறிகள் நின்றன.

அன்றைக்குப் பாடி முடித்த பிறகு தம்பி மைக்கை அணைக்க மறந்துவிட்டான். முதலில் அக்காவின் தறி மட்டும் தனியாகக் கிளம்புகிறது, பிறகு இன்னொன்று, அப்புறம் மொத்தப் பட்டறையும். பாட்டின் தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெட்டிவிடு என்றேன், மாட்டேன் என்றான். பாட்டு எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, ஆனால் அந்தக் கடைசி இருபது நொடிகளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு தடவை அவன் சொன்னது சரி.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். தன் கிதாரைத் திருப்பிக் கேட்காத நண்பன், ஐந்து ரோடு பக்கம் நனைந்த ஹார்டு டிஸ்கிலிருந்து பழைய பதிவுகளை மீட்டுக் கொடுத்த அண்ணன், தினம் தட்டுவடை செட் அனுப்பிய செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர், காபித் தோட்டத்து முற்றத்தைக் காசு வாங்காமல் கொடுத்த ஏற்காட்டுக் குடும்பம். இருபது கொண்டை ஊசி வளைவும் குட்டியானையை மெதுவாக ஓட்டிய டிரைவர் அண்ணனுக்குத் தனி நன்றி. பதினான்காவது வளைவில் தம்பிக்காக வண்டியை நிறுத்தினார், ஏன் என்று கேட்காதீர்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைத் தாண்டும்போது, “அந்தக் காலத்துல டி.ஆர்.சுந்தரம் இங்கயே பாட்டும் எடுத்தாரு, படமும் எடுத்தாரு. நீங்க எதுக்குக் கண்ணு மெட்ராஸ் போகணும்?” என்றார். 1930-களில் அவர் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ அது. அங்கே எத்தனை பேர் வேலை செய்திருப்பார்கள்! நாங்கள் இரண்டே பேர். ஆனாலும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அக்கா நேற்று வரவில்லை, ஷிப்ட் இருந்தது. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறைக்கே வந்து பாடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று இன்று காலை கேட்டேன்.

“ஞாயித்துக்கிழம தூங்கணும் பாப்பா. ஒரு மணிக்கு வா. நாலு பாட்டுக்கு மேல வேணாம்.”