ஹார்ட்விக் வீட்டு ஜன்னல்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. ஃபோனை எடுத்தால் பிள்ளை சாப்பிட்டானா, மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நீ வேலைக்குப் போயிருந்த வியாழக்கிழமை மாப்பிள்ளை என்னை ஹார்ட்விக் ஹாலுக்குக் கூட்டிப்போனாரே, அதை உன்னிடம் நான் சரியாகச் சொல்லவே இல்லை.

மேட்டு மேல் வீடு. காரில் வரும்போதே கண்ணாடிதான் கண்ணில் படுகிறது. "ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று இங்கிலாந்தில் அந்த டெர்பிஷயர் பக்கம் சொலவடையே உண்டாம். கண்ணாடி தங்கம் மாதிரி விலை விற்ற காலத்தில், 1590இல் வேலையைத் தொடங்கி 1597இல் குடிபோயிருக்கிறார் அந்த வீட்டைக் கட்டிய சீமாட்டி, பெஸ் அம்மாள். கட்டிக்கொண்ட நாலு புருஷனும் போய்விட்ட பிறகு, எழுபதை ஒட்டிய வயதில்! வரைபடம் ராபர்ட் ஸ்மித்சன் போட்டது என்கிறார்கள். கோபுரங்களின் உச்சியில் அந்த அம்மாள் பெயரின் இரண்டு எழுத்தைக் கல்லிலேயே செதுக்கி, மேலே கிரீடமும் வைத்திருக்கிறார்கள். அடுப்புப் புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உள்சுவர்களுக்குள் ஏற்றிவிட்டதால்தான் வெளிச்சுவரில் இத்தனை ஜன்னல் வைக்க முடிந்ததாம். மேலே போகப் போக மாடியின் உயரமும் கூடுகிறது. உச்சி மாடிதான் ராஜ விருந்துக்கு. கல் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. முட்டி வலித்தாலும் ஏறிவிட்டேன்.

பெரிய அறையின் சுவர் உச்சியில் சுதை வேலை. காடும் வேட்டையுமாக, வர்ணம் மங்கினாலும் அப்படியே நிற்கிறது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனம் பதிந்தது பக்கத்து நீண்ட கூடத்தில். ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளம். அதில் பைபிளில் வரும் கிதியோன் கதையைக் கம்பளியும் பட்டுமாக நெய்த பதின்மூன்று சித்திரத் திரைகள். வேறொரு பிரபு, கிறிஸ்டோபர் ஹாட்டன், தனக்காக நெய்ய வைத்தது. அவர் இறந்த பிறகு 1592இல் பெஸ் அம்மாள் வாங்கிக்கொண்டார். ஹாட்டனின் குலச்சின்னம் நெய்த இடத்தை மாற்ற வேண்டுமே என்று விலையில் 5 பவுண்டு குறைத்துத் தந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? தன் சின்னத்தைத் துணியில் வர்ணத்தில் வரைய வைத்து வாங்கி, பழையதன் மேல் வைத்துத் தைத்துவிட்டார். ஹாட்டனுடையது பெண் மான். அதற்குக் கொம்பு சேர்த்துக் கலைமானாக்கித் தன் குடும்பச் சின்னமாக்கிக்கொண்டார். முப்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் நான். பழைய பாவாடையின் கறைக்கு மேல் பூ வைத்துத் தைத்து உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேனே, அதே யோசனைதான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை எனக்கு.

அந்தத் திரைகளை ஒவ்வொன்றாக இறக்கி, பெல்ஜியத்தில் கழுவி, இழை இழையாகத் தைத்துச் சீராக்க 24 வருஷம் ஆகியிருக்கிறது. 2023இல்தான் கடைசியை மாட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று ஜன்னல்களுக்குத் திரை இறக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கென்றே கட்டிய வீட்டில் அரையிருட்டில்தான் நடந்தேன். துணியைக் காப்பாற்ற அது சரிதான். கண் பழகினதும் நூலின் நிறம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறது; அவசரப்பட்டால் கிடைக்காது.

1601இல் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாளின் படுக்கையறைக் கணக்கில், ஜன்னலுக்கு முன் தொங்கவிடப் போர்வைகள் என்று இருக்கிறதாம். அவ்வளவு கண்ணாடியும் குளிரை உள்ளே விட்டிருக்கும், பாவம். உன் முன்னறை ஜன்னல் ஓரம் பிள்ளை மூக்கு ஒழுகிக்கொண்டு விளையாடியது அப்போதே ஞாபகம் வந்தது. நான் தைத்துக்கொடுத்த திரைக்கு உள்ளே ஃபிளானல் துணி வைத்துத்தான் தைத்திருக்கிறேன், நீ பிரித்துப் பார்த்திருக்க மாட்டாய். துவைக்கும்போது வெந்நீரில் போடாதே, சுருங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை நீயும் போய்ப் பார். மான் கொம்பைத் தேடிப் பிடித்துப் பிள்ளைக்குக் காட்டு. அப்படியே சமையலறை ஜன்னலின் அகலம், உயரம் அளந்து எழுதி அனுப்பு. துணி வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா